ஊற்று ஒன்று, கிணறு பல

(தாம்பரத்தில் நடைபெற்ற மகாவீரர் ஜயந்தி விழாவின் மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘இல்லறத்தாரும் பொருளீட்டலும்’ என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் நூல் பல கற்றவன் அல்லன். வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆதலின் ஒரு கணக்கைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் பெரியவர் ஒருவர் சேலையூரில் உள்ள என் இல்லத்திற்கு வந்தார். அவர் கையில் வழவழப்பான ஒரு விளக்கத் தாள் இருந்தது. “தம்பி, பிட்காயின் மைனிங் என்கிறார்கள். இயந்திரம் எங்கோ வெளிநாட்டில் ஓடுமாம்; பங்கு மட்டும் மாதந்தோறும் நமக்கு வந்துவிடுமாம். பணிக்கொடையில் ஒரு பகுதியை இதில் போடலாமா?” என்று கேட்டார். நான் உடனே விடை கூறவில்லை. உள்ளே சென்று, அலமாரியிலிருந்து ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து அவர் முன் வைத்தேன். அன்று அவருக்கு விளக்கியதையே இன்று உங்கள் அனைவருக்கும் விளக்க எண்ணுகிறேன்.

முதலில், மைனிங் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். பிட்காயின் என்பது வங்கியோ அரசோ இல்லாமல் நடத்தப்படும் ஒரு பொதுப் பேரேடு. 2009ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அதன் முதற்பக்கம் எழுதப்பட்டது. ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு ஒரு பக்கம் வீதம் அது வளர்கிறது. அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிக்க, உலகெங்கும் உள்ள இயந்திரங்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கண்டுபிடிக்கக் கோடானுகோடி முறை முயல்கின்றன. அறிவால் கண்டுபிடிக்கும் எண் அன்று அது. குருட்டு முயற்சியால் அகப்படுவது. கண்டவருக்குப் புதிய காசுகள் கூலியாகக் கிடைக்கும். தொடக்கத்தில் பக்கத்திற்கு 50 காசுகள் கிடைத்தன. 2012 நவம்பரில் அது 25 ஆயிற்று, 2016இல் 12.5, 2020இல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125 எனப் பாதி பாதியாகக் குறைந்து வந்திருக்கிறது. மொத்தமே 2 கோடியே 10 லட்சம் காசுகள்தாம் உண்டாகும் என்பது அதன் விதி.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது மற்றொரு விதி. அதிக இயந்திரங்கள் சேர்ந்தால் காசு விரைவாக வருமா? வராது. 2,016 பக்கங்களுக்கு ஒரு முறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் கடினநிலை தானாகவே மாற்றியமைக்கப்படுகிறது. உலகில் பத்து இயந்திரங்கள் ஓடினாலும் பத்து லட்சம் ஓடினாலும் பத்து நிமிடத்திற்கு ஒரு பக்கந்தான்.

நம்மில் பலருக்குப் பூர்வீகம் வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர்கள். அங்கே கிணற்றுப் பாசனத்தில் மணிலாவும் நெல்லும் விளைவித்த குடும்பங்கள் நாம். என் பாட்டனார் காலத்தில் கவலை ஏற்றத்தால் நீர் இறைத்தார்கள். பின்னர் ஆயில் என்ஜின் வந்தது, அதன்பின் மின்மோட்டார், பின்னர் ஆழ்குழாய்க் கிணறு. பக்கத்து நிலத்துக்காரர் நூறடி இறக்கினால் நாம் நூற்றைம்பது அடி இறக்குவோம். அவர் பின்னர் இருநூறுக்குப் போவார். ஊரின் அடியில் ஊறும் நீர் மட்டும் பெருகவில்லை. செலவு பெருகிற்று. இறுதியில் ஆழமாக இறக்க இயலாதவர் கிணறு வறண்டது.

நாணய அகழ்வின் வரலாறும் இதுவே. 2009இல் வீட்டுக் கணினியே போதுமானதாயிருந்தது. 2010இல் விளையாட்டுக்கெனச் செய்யப்பட்ட கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு அகழத் தொடங்கினார்கள். அவ்வாண்டின் இறுதியில், தனியாக முயன்றால் மாதக்கணக்கில் ஒன்றும் கிட்டாது என்பதால், பலர் கூடி முயன்று கூலியைப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பூல்’ என்னும் கூட்டுமுறை தோன்றியது. 2013இன் தொடக்கத்தில், இந்த ஒரு வேலையை மட்டுமே செய்யும் ‘ஏசிக்’ என்னும் தனிச்சில்லு இயந்திரங்கள் வந்தன. அத்துடன் வீட்டுக் கணினியின் காலம் முடிந்தது.

அந்த 2013இல்தான் என் மகன் தாம்பரத்திற்கு அருகில் ஒரு பொறியியற் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். ஜூலை மாதத்தில் ஓர் இரவு என்னிடம் வந்து, நொடிக்கு 3,000 கோடி முறை முயலும் ஏசிக் இயந்திரம் ஒன்றை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விற்கிறது என்றான். முன்பணமாக முழு விலையையும் செலுத்த வேண்டும், செப்டம்பரில் அனுப்பிவிடுவார்கள், சுங்க வரி உட்பட ஏறத்தாழ 75,000 ரூபாய் ஆகும் என்றான். அன்றைய கடினநிலையை வைத்து, நான்கு வாரங்களுக்குள் முதல் திரும்பிவிடும் என்று தாளில் கணக்கிட்டுக் காட்டினான். கூட்டலிலும் பெருக்கலிலும் ஒரு பிழையும் இல்லை.

மாடியில் ஓர் அறை எழுப்புவதற்காக என் துணைவியார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் வீட்டில் இருந்தது. அதைக் கொடுத்தோம். கடன் கேட்டு வருபவரிடம் ஆயிரம் கேள்வி கேட்டே பழகிய நான், என் மகனிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினேன்: “இதே இயந்திரத்தை இன்று எத்தனை பேர் வாங்குகிறார்கள்?”

செப்டம்பரில் இயந்திரம் வரவில்லை. மின்னஞ்சலுக்கு மன்னிப்பு வந்தது, இயந்திரம் வரவில்லை. அது வந்து சேர்ந்தது 2014 ஏப்ரலில். அந்த ஒன்பது மாதங்களில் கடினநிலை 200 மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. உலகில் பல்லாயிரம் வீடுகளிலும் கிடங்குகளிலும் அதே வகை இயந்திரங்கள் இறங்கியிருந்தன. ஊரே ஆழ்குழாய் இறக்கிய பிறகு நாங்கள் மோட்டாரைப் பொருத்தினோம்.

பின்கட்டு அறையில் அதை ஓடவிட்டோம். அது உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறும். குளிர்நாடுகளில் அந்த வெப்பம் அறையைச் சூடாக்கப் பயன்படும். சென்னையின் சித்திரை வெயிலில் அதை வெளியேற்ற மற்றொரு மின்விசிறி வேண்டியிருந்தது. விசிறியின் இரைச்சலில் என் தாயார் உறங்க இயலாமல் முன்கூடத்திற்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். மின்வெட்டு நேர்ந்தால் இயந்திரம் நிற்கும். நின்ற நேரத்திற்குக் கூலியில்லை. மின்கட்டணமோ எங்களுக்கு ஒரு பாடம் கற்பித்தது. நம் மாநிலத்தில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, கீழ்ப்படியில் உள்ளவற்றுக்கும் கட்டணம் உயர்கிறது. ஆகவே இயந்திரம் உண்ட மின்சாரத்தின் உண்மையான விலை, மின்மானி காட்டும் யூனிட்டுகளைப் பெருக்கினால் வருவதைவிடக் கூடுதல்.

ஆறு மாதங்கள் ஓட்டினோம். கிடைத்தது ஒரு பிட்காயினில் கால் பங்கிற்கும் குறைவு. அன்றைய விலையில் ஏறத்தாழ 7,000 ரூபாய். மின்சாரத்திற்குச் செலவானது 4,500 ரூபாய்க்கு மேல். செப்டம்பர் இறுதியில் அணைத்துவிட்டோம்.

கிராபிக்ஸ் கார்டாக இருந்திருந்தால் ரிச்சி தெருவில் பழைய விலைக்கேனும் போயிருக்கும். ஏசிக் இயந்திரம் வேறு எவ்வேலைக்கும் உதவாது. இரண்டு ஆண்டுகள் பரணில் இருந்து, பிறகு காயலான் கடைக்குச் சென்றது.

இவ்விடத்தில் இளைஞர்கள் ஒன்றைக் கேட்பார்கள்: “அந்தக் கால் காசை வைத்திருந்தால் இன்று லட்சங்கள் ஆயிற்றே?” உண்மை. ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் மகன் எழுதி வைத்திருக்கும் கணக்கைக் கேளுங்கள். 2013 ஜூலையில் ஒரு பிட்காயினின் விலை ஆறாயிரம் ரூபாய்க்குக் குறைவு. அந்த 75,000 ரூபாய்க்கு நேரடியாகவே ஏறத்தாழ 13 காசுகள் வாங்கியிருக்கலாம். அதாவது, 13 காசுகளைக் கொடுத்துக் கால் காசு அகழ்ந்தோம். இயந்திரம் சொன்னபடி செப்டம்பரிலேயே வந்திருந்தாலும், அது தன் ஆயுள் முழுவதும் ஈட்டியிருக்கக்கூடியது ஒன்பது காசுகளைத் தாண்டியிராது. ரூபாய்க் கணக்கில் அது பெருலாபமாகத் தோன்றியிருக்கும். அவ்வாண்டு நவம்பரில் விலை ஆயிரம் டாலரைத் தொட்டதன்றோ? ஆனால் அது விலையேற்றம் தந்த லாபமே தவிர, அகழ்வு தந்த லாபம் அன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணியதே அக்காலத்தில் பலர் செய்த பிழை.

அதற்காக, காசை வாங்கியிருக்க வேண்டும் என்று நான் அறிவுரை கூறவில்லை. ஆயிரம் டாலரைத் தொட்ட அதே காசு 2015 ஜனவரியில் இருநூறு டாலருக்கும் கீழே இறங்கிற்று. ஜப்பானிலிருந்து இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்னும் பெரிய சந்தை 2014 பிப்ரவரியில் நொடித்து வீழ்ந்தபோது, அங்கே காசு வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். நம் ரிசர்வ் வங்கி 2013 டிசம்பர் 24 அன்றே இத்தகைய நாணயங்களின் இடர்களைக் குறித்துப் பொதுமக்களை எச்சரித்திருந்தது.

ஊற்று ஒன்று என்பதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2021இல் சீன அரசு அகழ்வைத் தடை செய்தபோது, அங்கிருந்த எண்ணற்ற இயந்திரங்கள் நின்றன. ஜூலை 3 அன்று கடினநிலை ஒரே முறையில் ஏறத்தாழ 28 விழுக்காடு இறங்கியது. மற்ற நாடுகளில் இருந்தோர் புதிதாக ஒன்றும் வாங்காமலே கூடுதலாக ஈட்டினர். பக்கத்துக் கிணறு நின்றால் நம் கிணற்றில் நீர் ஏறும். நம் ஈட்டம் நம் உழைப்பில் மட்டும் இல்லை. நாம் காணாத அயலாரின் கையிலும் இருக்கிறது.

இனி, பெரியவர் கொணர்ந்த விளக்கத் தாளுக்கு வருவோம். ‘கிளவுட் மைனிங்’ என்ற பெயரில் நம் நாட்டில் பெருந்தொகை திரட்டியது கெயின்பிட்காயின் என்னும் திட்டம். கொடுத்த பிட்காயினுக்கு மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்கள் தருவதாக அது கூறியது. அதை நடத்தியவர் 2018இல் கைது செய்யப்பட்டார். வழக்கு பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. சட்டம் அறியாதவரும் அந்த வாக்குறுதியைக் கிணற்றுக் கணக்கால் சோதித்திருக்கலாம். இரு வாரங்களுக்கு ஒரு முறை கடினநிலை மாறும் தொழிலில், 18 மாதங்களுக்கு மாறாத வருவாயை எந்த இயந்திரமும் தர இயலாது. 100 காசுக்கு 180 காசு அகழ்ந்து தரும் இயந்திரம் ஒருவரிடம் இருந்தால், அவர் நம் வீட்டு வாயிலுக்கு வரவேண்டிய தேவை என்ன?

வீட்டிலேயே இயந்திரம் வைக்க எண்ணும் இளைஞர்களுக்கும் சில சொற்கள். இன்றைய பெரிய இயந்திரம் ஒன்று ஏறத்தாழ 3,500 வாட் உண்கிறது. அது நாளொன்றுக்கு 84 யூனிட். இரு மாதத்திற்கு 5,000 யூனிட். 2022 செப்டம்பரில் திருத்தப்பட்ட கட்டணப்படி 1,000 யூனிட்டுக்கு மேற்பட்ட வீட்டுப் பயன்பாட்டிற்கு யூனிட் 11 ரூபாயாக இருந்தது. அத்துடன், வீட்டு இணைப்பு வீட்டுக்காகத் தரப்படுவது. தொழிலுக்கு வேறு கட்டணம் உண்டு. தாம் கட்டணம் செலுத்தாத விடுதியிலும் அலுவலகத்திலும் இயந்திரத்தைச் செருகி, “எனக்கு மின்செலவே இல்லை” என்று பெருமை பேசியவர்களும் தொடக்ககாலத்தில் இருந்தார்கள். கள்ளாமையை விரதமாகக் கொண்ட நமக்கு அதன் பெயர் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

வரியையும் மறவாதீர்கள். 2022-23 நிதியாண்டு முதல் இவ்வகைச் சொத்தின் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி. ஒன்றின் இழப்பை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க இயலாது. அகழ்வுக்கான கட்டமைப்புச் செலவு அச்சொத்தின் கொள்முதல் விலையாகக் கருதப்படாது என்று 2022 மார்ச்சில் மக்களவையில் அரசு விளக்கமளித்தது. ஆகவே இயந்திரத்திற்கு நாம் கொடுக்கும் பணம் நம் நோட்டில் செலவு. வரிக் கணக்கில் செலவன்று.

பெரியவர் நோட்டை நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு விளக்கத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “கேட்காமல் போட்டிருப்பேன், தம்பி” என்றார். நான் கேட்காமல் போட்டவன் என்பதால்தான் அவருக்கு விடை கூற முடிந்தது.

என் துணைவியார் அந்தப் பணத்தைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் கூறியதில்லை. மாடியறை ஆறு ஆண்டுகள் கழித்து, மகனின் ஊதியத்தில் எழும்பியது. மிகுபொருள் விரும்பாமை என்பதை, எவ்வளவு போதும் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது என நம் பெரியோர் கற்பித்தார்கள். அந்த ஜூலை இரவில் எவ்வளவு இழக்கலாம் என்பதையாவது நாங்கள் வரையறுத்திருக்கலாம்.

நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. யாரேனும் விளக்கத் தாளோடு உங்கள் வாயிலுக்கு வந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் சேலையூருக்கு ஒரு நடை வாருங்கள். சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.