மணற்கடலின் வாயிலில் துன்குவாங்

சீன தேசம் என்றதும் பெருநதிகளும் நெல்வயல்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், அந்நாட்டின் வடமேற்கே, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் மழையே காணும் துன்குவாங் என்னும் நகரமும் உண்டு. வறண்டதென நாம் கூறும் மன்னாரிலும் இதனைவிட இருபது மடங்குக்கு மேல் மழை பெய்கின்றது.

கன்சு மாகாணத்திலே, தெற்கே சீலியன் மலைத்தொடரும் வடக்கே பாலைநிலமும் நெருக்க, இடையே ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய நிலப்பகுதி அமைந்துள்ளது. மலைப்பனி உருகி ஆறாகப் பெருகுமிடங்களிலே பயிர் விளையும், ஊர் தோன்றும். அவ்வூர்களைத் தொடுத்துச் சென்றதே பட்டுப்பாதை. அந்நிலப்பகுதியின் மேற்கு முனையில் உள்ளது துன்குவாங்.

நகருக்குத் தென்கிழக்கே, செங்குத்தான பாறைச் சரிவொன்றில் மொகாவோ குகைகள் உள்ளன. 366ஆம் ஆண்டில் பௌத்தத் துறவி ஒருவர் முதற் குகையைக் குடைந்தார் என்பர். அப்பணி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் தொடர்ந்தது. இன்று 492 குகைகளில் ஏறக்குறைய 45,000 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்களும், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிற்பங்களும் காணப்படுகின்றன. 1900ஆம் ஆண்டில், அடைக்கப்பட்டிருந்த சிற்றறை ஒன்றிலிருந்து பல்லாயிரம் ஏட்டுச் சுருள்கள் வெளிப்பட்டன. 868ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட வச்சிர சூத்திரம் அவற்றுள் ஒன்று; அது இன்று இலண்டனில் இருக்கின்றது.

இந்நகருக்கும் இலங்கைக்கும் பழந்தொடர்பு ஒன்றுண்டு. 399ஆம் ஆண்டிற் புறப்பட்ட பாகியன் என்னும் துறவி, துன்குவாங்கில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கி, இறந்தோர் எலும்புகளையே வழிக்குறியாகக் கொண்டு பாலையைக் கடந்தார். பின்னர் அநுராதபுரம் வந்து, அபயகிரி விகாரையில், புத்தர் சிலையின்முன் வணிகர் ஒருவர் காணிக்கையாக இட்ட சீன வெண்பட்டு விசிறியைக் கண்டு, தாயகத்தை எண்ணிக் கண்ணீர் உகுத்தார்.

ஓவியங்களை இதுவரை காத்தது பாலையின் வறட்சியே. இன்றோ, காண வருவோரின் மூச்சிலுள்ள ஈரமே அவற்றுக்குப் பகையாகின்றது. ஈரம் ஏறி இறங்குகையில் சுவரிலுள்ள உப்பு கரைந்து மீண்டும் உறைகின்றது, பூச்சு உதிர்கின்றது. ஆகவே வருவோர் தொகைக்கு நாள்தோறும் வரம்பு விதித்துள்ளனர். வழக்கமாக, 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மண்டபத்திலே குகைகளைத் திரைப்படமாகக் காட்டிய பின்னர், ஒரு சிலவற்றுள் சிறிது நேரம் அனுமதிக்கின்றனர்.

சுற்றுலாவினால் ஊர் வாழ்கின்றது. அதனாலேயே ஊரின் செல்வம் தேயவும் கூடும். குறைவாகக் கண்டு, நிறைவாக அறிந்து திரும்புதலே அங்கு செல்வோர் செய்யத்தக்க கைம்மாறு.