தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை ஓடினால்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தூரமும் ஓடிவிட்டு வந்ததிலிருந்து, லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்கிறீர்கள். "மொத்தம் எத்தனை கிலோமீட்டர் சார்?" என்பது ஒன்று. "எதுக்கு சார் இதெல்லாம்?" என்பது இன்னொன்று. செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கவும் போகிறேன்.

தூரம் 42.195 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கி.மீ. அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்த 195 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் ஆரம்பித்து, அரங்கில் அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடித்தார்கள். அந்த அளவே 1921-ல் நிலையான தூரமாக ஆனது.

2023-ல் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் இந்தத் தூரத்தை 2 மணி நேரம் 35 விநாடியில் ஓடினார். எனக்கு ஆனது 5 மணி 41 நிமிடம். அவர் ஓடி முடித்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருக்கலாம். ஆகவே, இது ஒரு வீரரின் பேச்சு அல்ல. 27 வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த, 54 வயது ஆளின் பேச்சு.

இனி, எதற்கு என்ற கேள்வி. என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். முதலில் கால் விரல் ஒன்று போயிற்று, பிறகு பாதம். கடைசி நான்கு வருடம் திண்ணைக்கு வரவும் இன்னொருவர் தோள் வேண்டியிருந்தது. ஐம்பது வயதில் எனக்கு எடுத்த மூன்று மாதச் சராசரி சுகர் 6.3 வந்தது. "வரப்பில் நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள் என்பது உங்கள் கையில்" என்றார் டாக்டர். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்கிறது. பெரியவர்களில் 11.4 சதவீதம். நம் மூன்று பிளாக்கையும் மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், புரியும்.

அன்றைக்கு நான் மாரத்தான் பற்றி நினைக்கவே இல்லை. முதல் எட்டு மாதம் நடை மட்டும். பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. அடுத்த வருடம் 10 கி.மீ., அதற்கடுத்து அரை மாரத்தான், அதன் பிறகுதான் முழுசு. ஓட ஆரம்பிக்கும் முன் ஈசிஜி, டிரெட்மில் பரிசோதனை இரண்டும் செய்துகொண்டேன். நாற்பதைத் தாண்டிய யாரும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

முழு மாரத்தானுக்கு 16 வாரப் பயிற்சி, அதாவது 112 நாள். ஒரு குறுவைப் பயிரின் வயது. செப்டம்பரில் ஆரம்பித்தேன். வாரத்தில் மூன்று நாள் கல்லணைக் கால்வாய்க் கரையில் சிறிய ஓட்டம், ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்துக்கு நம் ஊரைப் போல வாய்ப்பான இடம் கிடையாது. கரந்தையில் கிளம்பித் திருவையாறு போய்த் திரும்பினால் ஏறக்குறைய அரை மாரத்தான் தூரம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வழியில் ஐந்து ஆறு. டெல்டா தட்டையான பூமி. மேடு என்று ஏதாவது ஏற வேண்டுமென்றால் அந்தப் பாலங்கள்தான்.

முதல் மாதம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வயலில் நின்ற பெரியவர் ஒருவர், "யாரு தம்பி தொரத்துறா?" என்று கேட்டார். "சுகர் தொரத்துதுங்க" என்றேன். அதன் பிறகு என்னைப் பார்த்தாலே கை காட்டுவார். ஐப்பசி மழையில் கரை சேறாகிவிட்டதால் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன். மழை விடாத நாட்களில் நம் பி பிளாக் மாடிப்படி. இரவில் தடதட என்று சத்தம் கேட்டதாக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தீர்களே, அது திருடன் இல்லை, நான்தான்.

ஓட்டத்தன்று விடியுமுன்னே நேப்பியர் பாலத்தருகே கிளம்பினோம். மெரினாவைக் கடக்கும்போது இருட்டு, கடல் காற்று, பக்கத்தில் ஆயிரக்கணக்கான காலடிச் சத்தம். முதல் 21 கி.மீ. சுகமாகப் போனது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. 30-ஐத் தாண்டியதும் கால் இரும்பாகிவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆளுக்கு மொத்தம் 2,900-க்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து அவ்வளவு தூரம் வராது. வழியில் சாப்பிட்டால்தான் வண்டி ஓடும். ஆரம்பத்திலிருந்தே முக்கால் மணிக்கு ஒரு தரம் பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ சாப்பிட்டுக்கொண்டுதான் வந்தேன். அப்படியும் அந்த இடம் வரத்தான் செய்தது.

34-வது கிலோமீட்டரில் ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி பக்கத்தில் மெதுவாக வந்தது. உள்ளே இருந்தவர், "ஏறிக்குங்க சார், தப்பில்ல" என்றார். என் மனைவியிடம் கிளம்பும்போதே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்: நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், பேச்சுக் குழறல், இதில் ஒன்று வந்தாலும் அங்கேயே நின்றுவிடுவேன் என்று. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்ணிடம் என் பெயர், வயது, வீட்டு முகவரி மூன்றையும் சொன்னேன். "எனக்கு எதுக்கு அங்கிள்?" என்று சிரித்தாள். நாக்குக் குழறவில்லை, தலை சுற்றவில்லை, நெஞ்சு இறுகவில்லை. வலி காலில் மட்டும்தான். ஆகவே வண்டியில் ஏறவில்லை. நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று மீதி எட்டுக் கிலோமீட்டரையும் முடித்தேன். மூன்றில் ஒன்று இருந்திருந்தால் ஏறியிருப்பேன், இன்றைக்கு அதையும் இதே மாதிரி உங்களிடம் சொல்லியிருப்பேன்.

கழுத்தில் மெடல் போட்டார்கள். அதைவிட எனக்குப் பெரிசு பிப்ரவரியில் வந்த ரிப்போர்ட். மூன்று மாதச் சராசரி 5.8. இதற்கு ஓட்டம் மட்டும் காரணமில்லை. இரவுச் சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டேன். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். இரண்டு, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு உப்புச்சத்து அளவுக்குக் கீழே போயிருந்தது. அளவுக்கு மிஞ்சிக் குடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடியுங்கள், நீண்ட ஓட்டம் முடிந்ததும் நான் குடிப்பது உப்புப் போட்ட நீர்மோர்தான். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று, சாலை. பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங் 89 வயதில் மாரத்தான் ஓட ஆரம்பித்தார். 2011-ல், பாஸ்போர்ட் கணக்குப்படி 100 வயதில், டொரான்டோ மாரத்தானை 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. இத்தனை ஓட்டம் ஓடியும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதி இறந்துபோனார்.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன் என்றேன். நம் காலை நடையாளர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கேட்டுக்கு வெளியே நடைபாதை இல்லை. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. மீதிப் பாதியில் லாரியும் கதிர் அறுக்கும் இயந்திரமும் போகின்றன. நம் வளாகத்தின் உள்சாலை ஒரு சுற்று 300 மீட்டர். காலை 5 மணி முதல் 6.30 வரை அதில் வண்டிகள் வேண்டாம், அந்த நேரத்தில் கிளம்புகிறவர்கள் பின்பக்க கேட்டைப் பயன்படுத்தலாம் என்று ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். பத்துச் சுற்று நடந்தால் 3 கிலோமீட்டர். மாரத்தான் ஓட இது போதாது. ஆனால் என் அப்பாவுக்கு இது போதுமானதாக இருந்திருக்கும்.

யாருக்காவது போட்டியில் கலந்துகொள்ள ஆசை இருந்தால், முதல் தடவைக்கு ஆரோவில் மாரத்தானைச் சொல்வேன். பிப்ரவரியில் செம்மண் பாதையில் நடக்கும். பரிசும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. குறைந்த தூரத்துக்கும் பெயர் கொடுக்கலாம்.

ஞாயிறு காலை 5.30-க்கு கேட் அருகே நிற்பேன். நடப்பவர்கள், நடந்து ஓடுபவர்கள் எல்லாரும் வாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்து அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்.