படைப்பைக் காப்பதும் பிணி தீர்க்கும் பணியே

(பங்கு இளையோருக்கான ஒருநாள் பயிற்சி முகாமில், நம் மருத்துவமனையில் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. நம் பணியைச் செபத்தாலும் பொருளாலும் தாங்கிவரும் அன்பர்கள் படித்துப் பயன்பெற இங்கே தருகிறோம்.)



சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச ஒரு நர்ஸ் சிஸ்டரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். ஆறு கெட்டாலும், குளம் கெட்டாலும், காற்று கெட்டாலும், அதன் கணக்கு கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் வார்டு. அங்கே நின்று பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சலோடு ஒரு சிறுவனைச் சேர்த்திருந்தோம். டெங்குவுக்கென்று தனி மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டு, இரத்தத் தட்டணுக்களைக் கவனித்து, ஆபத்தான அந்த இரண்டு மூன்று நாட்களைக் கடத்த வேண்டும். கடவுள் கிருபையால் பையன் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்குப் புறப்படும்போது அவன் தாய் என்னிடம் கேட்டார்: "ஏனுங் சிஸ்டர், இங்க குளுக்கோஸ் ஏத்தி நல்லாக்கி அனுப்பறீங்கொ. மறுக்கா அதே ஊட்டுக்குத்தானுங்களே போறோம்?"

படித்தவர் அல்லர் அந்தத் தாய். ஆனால் பொதுச் சுகாதாரம் முழுவதையும் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார். நோயைத் தந்த இடத்துக்கே நோயாளியைத் திருப்பி அனுப்பினால் நம் வேலை பாதி வேலைதான். மற்றப் பாதி வார்டுக்கு வெளியே இருக்கிறது. அதைச் செய்ய எங்களிடம் ஆள் இல்லை. உங்களிடம் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது; 65 பேர் இறந்தார்கள். இது அரசுக் கணக்கு. இந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நல்ல தண்ணீரில் பிறக்கிறது. நம் கோவைப் பகுதியில் பல இடங்களில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. பல நாட்களுக்கு ஒருமுறை வருவதை டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். மூடாத டிரம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மிக்ஸி வந்தபின் கொல்லைப்புறத்தில் கிடக்கும் ஆட்டுக்கல், விருந்து முடிந்து வீசிய பிளாஸ்டிக் கப் இவையெல்லாம் அந்தக் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். காய்ந்த சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

இதைச் செய்ய டாக்டர் பட்டம் வேண்டாம். ஒரு தேங்காய் நாரும், வாரம் தவறாமல் வரும் இரண்டு இளைஞர்களும் போதும்.

அன்பு இளையோரே, இது சமூக சேவைதானே, இதில் ஞானம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். தொடக்கநூலில் ஆண்டவர் மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது, பண்படுத்தவும் பாதுகாக்கவும் வைத்தார். தின்று தீர்க்க வைக்கவில்லை. திருச்சபையும் இதை நேற்று இன்று கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அசிசி நகர் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 1990 புத்தாண்டு நாளின் உலக அமைதிச் செய்தியை முழுக்க முழுக்கப் படைப்பைப் பற்றியே எழுதினார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலைத் தந்தார். பிளாஸ்டிக்கைக் குறைப்பது, குப்பையைப் பிரிப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, வேண்டாத விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களையும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்.

புனித பிரான்சிஸ் படைப்புகளின் பாடலை 1225-இல் இயற்றியபோது நலமாக இருந்தவர் அல்லர். கண் நோயால் பார்வை மங்கி, உடல் நைந்து, நோயாளியாகப் படுத்திருந்தார். வெளிச்சத்தைப் பார்க்கவே வேதனைப்பட்ட மனிதர் சூரியனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் அழைத்தார். நோயாளிகளோடு வாழும் எங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இனி நம் ஊருக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. வழிநெடுக அணைக்கட்டுகளும் குளங்களும் வெட்டி, மழைக்கால வெள்ளத்தைக் குளம் குளமாகத் தேக்கி வைத்தார்கள் நம் முன்னோர். நாமோ குடிக்கச் சிறுவாணித் தண்ணீரையும் பில்லூர்த் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, நொய்யலுக்குச் சாக்கடையை அனுப்பினோம். திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகியபோது ஆறு நிறம் மாறியது. பாசனத்துக்கென்று சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சாயக் கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. கீழ்க்கரையில் கிணறுகள் உப்பாயின. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் ஆற்றில் விடக்கூடாது, சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே பின்னர் அவை திறந்தன.

எசேக்கியேல் ஆகமத்தின் 34-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கொழுத்த ஆடுகளைக் கண்டிக்கிறார். தெளிந்த நீரை நீங்கள் குடித்துவிட்டு, மீதியை ஏன் காலால் கலக்குகிறீர்கள் என்று கேட்கிறார். கலங்கிய நீரைத்தான் பின்னால் வரும் ஆடுகள் குடிக்க வேண்டியிருக்கிறது. நொய்யல் கரையில் நின்று இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வேறு மறையுரை தேவைப்படாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. திருப்பூர்ப் பங்குகளில் பலருடைய அடுப்பு எரிவதே பனியன் கம்பெனிக் கூலியால்தான். 2011-இல் பட்டறைகள் மூடியபோது முதலில் வேலை இழந்தவர்கள் தினக்கூலிகள். அவர்களைப் பார்த்து, ஆற்றைக் கெடுத்த பாவிகள் என்று விரல் நீட்டினால் அது நற்செய்தி ஆகாது. பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரித்துக் கேட்கக் கூடாது என்பது திருத்தந்தை பிரான்சிஸ் கற்பித்த பாடம். கரூர் விவசாயியும் நம் அயலான், சாயப்பட்டறைத் தொழிலாளியும் நம் அயலான். இருவருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்று பேசும் இளைஞர்கள் தேவை. அது கோஷம் போடுவதைவிடக் கடினமான வேலை.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஐந்து காரியங்களைச் சொல்கிறேன். எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, வாரம் ஒரு உலர் நாள். ஒவ்வோர் அன்பியத்துக்கும் இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்று, சனிக்கிழமை மாலை வீடு வீடாகச் சென்று தேங்கிய நீரைக் கொட்டித் தேய்க்க உதவுங்கள். தனியாக வாழும் முதியவர் வீட்டில் நீங்களே செய்துகொடுங்கள். அப்படியே அவர் மாத்திரை சாப்பிட்டாரா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாவது, கல்லறைத் தோட்டம். நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோரை நினைத்துப் பூ வைக்கிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். அது நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். பூச்சாடியிலும் கிண்ணத்திலும் மழைநீர் தேங்கும். இறந்தோர் நினைவு, உயிரோடிருப்பவருக்கு நோயாக மாறக் கூடாது. அடுத்த வாரமே போய்ச் சாடிகளைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள். சாடியில் மணல் நிரப்பிப் பூச்செருகினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, பங்குத் திருவிழா. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தேர்பவனி முடிந்த மறுநாள் நம் கோயில் வளாகத்தைப் பார்த்தால் அந்தச் சட்டம் நமக்கும் உண்டா என்ற சந்தேகம் வருகிறது. அன்பு விருந்துக்கு வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். டம்ளர் கழுவும் பொறுப்பை இளையோர் ஏற்றுக்கொள்ளுங்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பிறகு, ஒன்றும் வீணாகாதபடி மீதியைச் சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். சீடர்கள் பன்னிரண்டு கூடை சேர்த்தார்கள். அந்தப் புதுமையின் கடைசிப் பகுதியை நாம் மறந்துவிடுகிறோம்.

நான்காவது, குப்பையை எரிக்காதீர்கள். கோயிலுக்குப் பின்னால் சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும். பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சும் உண்டாகும். 2024 ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தபோது சுற்றுவட்டார மக்கள் பட்ட அவதியை நீங்கள் அறிவீர்கள். நாம் பிரிக்காமல் கொடுத்த குப்பையும் அங்கேதான் மலையாகக் கிடந்தது. வீட்டிலேயே மக்கும் குப்பையைப் பிரித்துவிட்டால் கிடங்குக்குப் போகும் சுமை குறையும்.

ஐந்தாவது, மரம். ஜூன் 5-ஆம் தேதி நூறு கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அடுத்த சித்திரையில் நூறு காய்ந்த குச்சிகளைப் பார்ப்பதில் பயனில்லை. பத்து நடுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் என்று நம் மண்ணுக்கு ஏற்றதை நடுங்கள். உறுதிபூசுதல் பெறும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு கன்று என்று வைத்து, மூன்று கோடை தாண்டும்வரை அந்தப் பிள்ளையே தண்ணீர் ஊற்றட்டும். விசுவாசமும் அப்படித்தானே வளர்கிறது?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் ஊரே சாட்சி. 2013 மே மாதம் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரப் பொதுமக்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். 2017 முதல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறு காலைகளில் குளங்களையும் வாய்க்கால்களையும் சுத்தம் செய்துவருகிறார்கள். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த வெள்ளலூர்க் குளத்துக்கு வாய்க்காலைத் தூர்வாரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. ஞாயிறு காலை நமக்குத் திருப்பலி இருக்கிறதே என்று சொல்வீர்கள். முதல் பூசைக்குப் போங்கள். அங்கிருந்து நேரே குளத்துக்குப் போங்கள். சென்று வாருங்கள் என்றுதான் குருவானவர் பூசை முடிவில் நம்மை அனுப்புகிறார்.

கடைசியாக, இம்மருத்துவமனையைத் தாங்கும் நல்ல உள்ளங்களை நினைக்கிறேன். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அனுப்புகிறவர்கள், முதல் சம்பளத்தில் ஒரு பங்கு தருகிறவர்கள், பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு நாள் உணவு கொடுக்கிறவர்கள், அவர்கள் காசில்தான் ஏழை நோயாளிகளின் படுக்கைகள் இயங்குகின்றன. நீங்கள் ஒரு டிரம்மை மூடி ஒரு காய்ச்சலைத் தடுத்தால், அந்தப் படுக்கை தடுக்க முடியாத நோயோடு வரும் இன்னோர் ஏழைக்குக் கிடைக்கும். அவர்கள் காணிக்கையும் உங்கள் உழைப்பும் ஒரே பணியின் இரு கைகள்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பதில் உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளை திரும்பிப் போகும் வீடும், அந்தத் தெருவும், அவன் குடிக்கும் தண்ணீரும் நலமாக இருக்கும்படி உழைக்க ஆண்டவர் உங்களுக்குத் திடம் தருவாராக. படைத்தவருக்கே புகழ் உண்டாவதாக. ஆமென்.