லாயத்துக் கைத்திறனுக்கும் சான்றிதழ் வேண்டும்



குதிரை என்றதும் நம்மில் பலருக்குப் பந்தயம்தான் நினைவுக்கு வரும். சம்பளத்தைப் பந்தயத்தில் விட்டுக் குடும்பத்தைத் தவிக்க விட்டவர்களை நாம் அறிவோம். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால், சூதாடியவரை வைத்துக் குதிரையை வளர்த்தவரை எடை போடலாமா? இதுதான் என் கேள்வி.

பேராக்கில் குதிரையின் கதை ஈப்போ பந்தயத் திடலோடு முடிந்துவிடவில்லை. தஞ்சோங் ரம்புத்தான் என்றால் பலருக்கு மருத்துவமனைதான் தெரியும். அங்கேதான் குதிரை இனவிருத்திக்கென்று தேசியப் பண்ணை அமைக்கப்பட்டது. நம்மவர் பலர் இந்நாட்டு லாயங்களில் வேலை செய்து வந்திருக்கிறார்கள். அவர்களை ‘சைஸ்’ என்பார்கள். அது அரபு மூலத்திலிருந்து வந்த சொல்.

சைஸின் வேலை என்ன? விடியுமுன் லாயத்தைக் கூட்டி, ஈரமான படுக்கையை அகற்றுவார். தீவனத் தொட்டியைப் பார்ப்பார். மிச்சம் இருந்தால் குதிரைக்கு ஏதோ கோளாறு. குளம்பைத் தூக்கி அழுக்கைச் சுரண்டி எடுப்பார். நம் மழைக்குச் சேற்றிலேயே நிற்கும் குளம்பு அழுகிவிடும். வெயில் ஏறியதும் உடம்பைத் தடவிப் பார்ப்பார். நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். அப்போது உடல் சூடு தணியாமல் மூச்சு வாங்கும்; கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இனவிருத்திப் பண்ணையில் பொறுப்பு இன்னும் அதிகம். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். மடிக்காம்பில் சீம்பால் மெழுகுபோல் கட்டினால், பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈன்றுவிடும். அதிகமான குதிரைகள் இரவில்தான் ஈனும் என்பதால் சைஸுக்குத் தூக்கம் கிடையாது. குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும். 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். ஒன்று தவறினாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். குட்டிக்கு நோயெதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றில் கிடைப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பால்தான் அதைத் தருகிறது.

இதை வெறும் கூலி வேலை என்று சொல்ல முடியுமா? இதுவும் ஒரு கல்விதானே!

அந்தக் கல்விக்கு இன்று ஆபத்து வந்திருக்கிறது. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம், 2024 அக்டோபர் 5-ஆம் தேதி தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. பந்தயம் குறைந்தால் லாயமும் குறையும். வேலை இழக்கும் சைஸிடம் அனுபவம் உண்டு. காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை.

இதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, மரம் சீவத் தெரிந்த கைகள் வெறுங்கையாகத்தான் வெளியேறின. அந்த நிலை மறுபடியும் வரலாமா?

அனுபவத்தையே ஆதாரமாகக் கொண்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் உண்டு. லாயத்தில் உழைத்தவர்களுக்கும் அது எட்ட வேண்டும். குதிரையேற்றப் பள்ளிகள், போலோ மன்றங்கள், காவல் துறையின் குதிரைப் படை ஆகியவற்றுக்கும் தேர்ந்த கைகள் தேவை. நம் பொது இயக்கங்கள் இவர்களைத் தேடிச் சென்று, பாரம் நிரப்பவாவது உதவ வேண்டும்.

சூதை வெறுப்போம், உழைப்பை மதிப்போம்.