முகூர்த்த நாளும் விசா நாளும்

(பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

என்னை அழைத்தவர்கள் "மாறி வரும் விவாஹ முறைகள்" என்ற தலைப்பைக் கொடுத்தார்கள். அது பெரிய சமுத்திரம். நான் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தச் சமுத்திரத்தில் ஒரு சொட்டைத்தான் சோதனைக் குழாயில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். விசா காலம் முடிந்த பிறகும் ஒரு நாட்டில் தங்கிவிட்ட ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதே என் விஷயம்.

"இது நமக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. எட்டு, ஒன்பது வருஷங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2017-ம் வருஷம், ஆனி மாதம். என் தங்கை பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தான். இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் வந்து, பெங்களூரில் பட்டம் படித்த ஒரு பெண்ணை விரும்பினான். இரண்டு வீட்டிலும் முதலில் சற்று மனத்தாங்கல் இருந்து, பிறகு சம்மதம் ஆகிவிட்டது. அன்று அவன் கேட்டது இதுதான்:

"மாமா, அவளோட விசா ஜூலை 31-ஓட முடியறது. அதுக்குள்ள கோயில்ல சிம்பிளா கல்யாணம் பண்ணிண்டு ரிஜிஸ்டர் பண்ணிடலாமா?"

நான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். "ஆனி முடியப் போறதுடா. இத்தனை அவசரமா எப்படி முடியும்? ஆடியில கல்யாணம் கிடையாது. ஆவணி முதல் முகூர்த்தத்துல மண்டபம் பிடிச்சு ஜாம் ஜாம்னு பண்ணலாம். நாலு வாரத்துல என்ன குடியா முழுகிடப் போறது? மிஞ்சிப் போனா ஃபைன் கட்டுவோம்" என்றேன்.

தாய்மாமன் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. அதிலும் சர்க்காரில் இருந்தவன், சட்டம் தெரிந்தவன் என்று என் பேரில் ஒரு நம்பிக்கை. விசாவை நீட்டிக்கவாவது மனுப் போடச் சொல்லியிருக்கலாம். அதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆவணியில் கல்யாணம் அமோகமாக நடந்தது. பிறகு தம்பதி வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். "விசா செல்லுபடியாகும் காலத்திலேயே கல்யாணம் செய்துகொண்டு வந்திருந்தால், இங்கிருந்தபடியே மாணவர் விசாவை என்ட்ரி விசாவாக மாற்றக் கேட்டிருக்கலாம். இப்போது அபராதம் கட்டி, வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு, உங்கள் நாட்டுக்குப் போய்ப் புதிதாக விசா வாங்கி வாருங்கள்" என்றார்.

அந்த வருஷம் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை பெங்களூரில், பெண் யாழ்ப்பாணத்தில். அவள் திரும்பி வந்தது மறு வருஷம் மாசியில். இடையில் எத்தனை காகிதங்கள், எத்தனை டிக்கெட், எத்தனை கண்ணீர்! என் தங்கை என்னைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு முறை, "அண்ணா, நீ சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சோம்" என்றாள். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

அதன் பிறகு சட்டப் புத்தகங்களை வாங்கிப் படித்தேன், வக்கீல் நண்பர்களைக் கேட்டேன். தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கல்யாணம் வேறு, விசா வேறு. விசா முடிந்தவர் செய்துகொண்ட கல்யாணம் அந்தக் காரணத்தால் செல்லாமல் போகாது. 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி, சப்தபதி நடக்கும் கல்யாணத்தில் ஏழாவது அடி வைத்தவுடன் விவாஹம் பூர்த்தியாகிறது. வேறு மதத்தவராக இருந்தால் 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் முப்பது நாள் நோட்டீஸ் உண்டு. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் வசித்திருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் இரண்டு மாதமாவது கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டிய காரியம் இது.

ஆனால் கல்யாணம் செல்லும் என்பதால் தங்கியதும் செல்லும் என்று ஆகாது. உப்பைத் தண்ணீரில் போட்டால் கரையும், மணலைப் போட்டால் கரையாது. கல்யாணம் என்ற தண்ணீரில் விசாத் தவறு மணல் மாதிரி அடியில் அப்படியே கிடக்கும்.

இரண்டாவது, தண்டனை. 1946-ம் வருஷத்து வெளிநாட்டினர் சட்டம் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 அமலில் இருக்கிறது. விசா காலத்துக்கு மேல் தங்கினால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் கட்டி சமரசம் செய்துகொள்ளவும் வழி உண்டு. ஆனால் நாள் ஏற ஏறத் தொகையும் ஏறும். இன்னொன்று: நம்மில் பலர் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறோம். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை.

மூன்றாவது, குடியுரிமை. இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டவர் ஏழு வருஷம் இங்கே வசித்த பிறகுதான் குடிமகளாகப் பதிவு செய்ய மனுப் போடலாம். ஏழு அடியில் மனைவி. குடிமகளாக ஏழு வருஷம்! அதற்கு நடுவில், பதிவான கல்யாணம் இரண்டு வருஷம் நிலைத்திருந்தால், பாதுகாப்பு விசாரணைக்குப் பிறகு ஓ.சி.ஐ. அட்டை பெறலாம், பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கு இது கிடையாது. ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் "சட்டவிரோதக் குடியேறி" என்று ஒரு சொல் இருக்கிறது. திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்தவர் மட்டும் அதில் அடங்குவார் என்று நினைக்காதீர்கள். சரியான விசாவில் வந்து, காலம் முடிந்தும் தங்கியவரும் அதில் அடக்கம். அவர் குடிமகளாகப் பதிவு செய்யவே மனுப் போட முடியாது.

நான்காவது, குழந்தை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் இந்தியர். மண்டபம் அகதிகள் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்மணிக்கு இந்திய பாஸ்போர்ட் தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் சொன்னதற்கு இதுவே ஆதாரம். அந்தத் தேதிக்குப் பிறகு பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகிவிட்டது. பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராக இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதிருக்க வேண்டும்.

சற்று யோசித்துப் பாருங்கள். என் யோசனையைக் கேட்ட அந்தக் குழந்தைகள், அதிகாரி சொன்னதையும் கேட்காமல், "பார்த்துக்கொள்ளலாம்" என்று இங்கேயே இருந்திருந்தால்? அந்த நிலையில் ஒரு குழந்தை பிறந்திருந்தால், அப்பா இந்தியர், பிறந்த ஊர் பெங்களூர், ஆனால் குழந்தை பிறப்பால் இந்தியப் பிரஜை இல்லை! பெரியவர்கள் தள்ளிப் போட்ட ஒரு தேதிக்கு, பிறக்காத குழந்தை வட்டி கட்டியிருக்கும்.

இலங்கைத் தமிழர் என்றவுடன் அகதிகள் நினைவுக்கு வருவார்கள். பதிவு செய்துகொண்டு 2015 ஜனவரி 9 வரை இங்கே அடைக்கலம் புகுந்தவர்களுக்கு, காகிதம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-ல் மத்திய அரசு விலக்கு அளித்தது. நல்ல காரியம். ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு என்பது குடியுரிமை ஆகாது. விமானத்தில் மாணவர் விசாவில் வந்தவருக்கு அந்த விலக்கும் பொருந்தாது.

ஐந்தாவது, குறுக்கு வழி. 2023 ஜனவரியில் நம் ஊரிலேயே ஒரு விஷயம் பத்திரிகைகளில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இணைய விளையாட்டில் பழகிய வட இந்திய இளைஞர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள, பாகிஸ்தானிலிருந்து ஓர் இளம்பெண் நேபாளம் வழியாக வந்தாள். வேறு பெயரில் ஆதார் அட்டை. கணவர் கைதானார், பெண் வாகா எல்லை வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டாள். அவர்கள் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. பொய்யான காகிதத்தின் மேல் மெய்யான குடித்தனம் நிற்காது என்றுதான் சொல்கிறேன்.

இப்போது, நம் பிள்ளைகள் இருக்கும் வெளிநாடுகளுக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் ஒரு சலுகை உண்டு. முறைப்படி விசாவில் நுழைந்து, பிறகு காலம் கடந்து தங்கிவிட்டவர், அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ உண்மையாகவே மணந்தால், நாட்டை விட்டுப் போகாமலே கிரீன் கார்டுக்கு மனுப் போடலாம். இந்தச் சலுகை துணைவர் குடிமகனாக இருந்தால்தான். கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் கிடையாது. நம் வீடுகளில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. "அவனுக்கு கிரீன் கார்டு வந்துடுத்து, இனிமே கவலை இல்லை" என்கிறோம்.

அதைவிட அபாயம், ஊருக்கு வருவது. தாத்தா சதாபிஷேகம், தங்கை கல்யாணம் என்று கூப்பிடுவோம். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கியவர் அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் மூன்று வருஷமும், ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்கியவர் வந்தால் பத்து வருஷமும் திரும்பிப் போகத் தடை. 1996-ம் வருஷத்துச் சட்டம் இது. ஆகவே பிள்ளையோ மாட்டுப்பெண்ணோ "இப்போது வர முடியாது" என்று மென்று விழுங்கினால், "பாசமே இல்லை" என்று அழாதீர்கள். காரணத்தை மெதுவாகக் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதியும், தங்க அனுமதித்த தேதியும் அங்கே வேறு வேறு. ஐ-94 என்ற பதிவில் இருப்பதுதான் தங்கும் தேதி. பத்து வருஷ விசா இருக்கிறதே என்று நம்பி ஆறு மாதத்தைக் கடந்துவிடக் கூடாது. பேரனைப் பார்க்கப் போகும் நமக்கும் இது பொருந்தும்!

சலுகை இருக்கிறதே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. 2025 நவம்பரில் சான் டியாகோ நகரில், அமெரிக்கத் துணைவருடன் கிரீன் கார்டு நேர்காணலுக்கு வந்த சிலர், விசா காலம் கடந்ததற்காக அங்கேயே கைது செய்யப்பட்டதாகச் செய்திகள் வந்தன. மனுப் போட்டிருப்பது மட்டும் கவசம் ஆகாது. காகிதத்துக்காக மட்டும் செய்யும் பொய்க் கல்யாணத்துக்கோ ஐந்து வருஷம் வரை சிறை.

இங்கிலாந்தில் 2005-ல், வெளிநாட்டவர் பலர் கல்யாணம் செய்ய உள்துறையின் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். கல்யாணம் செய்துகொள்வது மனித உரிமை என்று வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 2008-ல் தீர்ப்பு வந்தது. 2011-ல் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். ஆனால் கல்யாணம் செய்யும் உரிமைதான் கிடைத்தது. தங்கும் உரிமை தானாகக் கிடைக்கவில்லை. சிங்கப்பூரிலோ 90 நாளுக்கு மேல் அனுமதியின்றித் தங்கும் ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் சட்டத்தில் இருக்கிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டுத் துணையைப் பற்றிச் சொல்ல வந்தால், முதல் நாளே கத்தாதீர்கள். கத்தினால் மறைப்பார்கள், மறைத்தால் தேதி போய்விடும். என் தங்கை பிள்ளை முன்கூட்டியே வந்து சொன்னான். தவறு கேட்டவன் பேரில்தான். ஜாதகம் கேட்பது போல பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்டுப் பாருங்கள். அது அவநம்பிக்கை அல்ல, அக்கறை. விசா முடிய மூன்று மாதம் இருக்கும்போதே குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் போங்கள். என்னைப் போன்ற ஓய்வு பெற்ற அதிகாரியிடம் போகாதீர்கள்! காலம் ஏற்கெனவே கடந்துவிட்டதா? ஒளிக்காமல் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். ஐந்து வாரத் தவறு எங்களுக்கு ஆறு மாதப் பிரிவோடு போயிற்று. ஐந்து வருஷத் தவறு அப்படிப் போகாது.

முகூர்த்தம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் பார்க்கிறோம். ஆனால் பஞ்சாங்கத்தோடு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ரிஜிஸ்டர் கல்யாணத்தையோ கோயில் கல்யாணத்தையோ முதலில் முடித்து, ரிசப்ஷனை ஆவணியில் வைத்தால் எந்தத் தெய்வமும் கோபிக்காது.

அந்தத் தம்பதிக்கு 2020-ல் பெங்களூரிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயார் முறையான விசாவில் இருந்ததால் குழந்தை பிறப்பால் இந்தியப் பிரஜை. பாஸ்போர்ட் வந்த அன்று அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நான் முதலில் போட்டோவைப் பார்க்கவில்லை. தேசம் என்று போட்டிருக்கும் இடத்தைத்தான் பார்த்தேன். என் தங்கை அதைக் கவனித்துவிட்டாள். "போறும் அண்ணா, காபி ஆறிப் போறது" என்றாள்.