கேமராவை எந்த உயரத்தில் பிடிப்பது?



"பெண் பார்வை" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நேரே இரண்டு ஓவியங்களிடம் உங்களை அழைத்துப் போகிறேன். இரண்டுக்கும் கதை ஒன்றுதான். கத்தோலிக்க விவிலியம் படித்தவர்களுக்குத் தெரிந்த சூசன்னாவின் கதை. பாபிலோனில் ஒரு பெண் தன் வீட்டுத் தோட்டத்தில் குளிக்கப் போகிறாள். நீதிபதிகளாக இருக்கும் இரண்டு முதியவர்கள் ஒளிந்திருந்து பார்க்கிறார்கள். "எங்களுக்கு இணங்கு, இல்லையென்றால் உன்னை வேறொருவனோடு கண்டோம் என்று சாட்சி சொல்வோம்" என்று மிரட்டுகிறார்கள். அவள் மறுக்கிறாள். மரண தண்டனை வரை போகிறது வழக்கு. தானியேல் என்ற இளைஞன் அந்த இருவரையும் தனித்தனியே விசாரித்துப் பொய்யை உடைக்கிறான்.

ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்காக இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். ஆனால் எந்த இடத்தை வரைந்தார்கள்? தானியேல் கேள்வி கேட்ட இடத்தை வரைந்தவர்கள் குறைவு. குளிக்கும் இடத்தைத்தான் அதிகம் வரைந்தார்கள். வெனிஸ் நகரத்து டின்டரெட்டோ 1550களில் வரைந்த படம் இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒளி நிறைந்த, மிக அழகான படம். அதில் சூசன்னா கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள். வேலிக்குப் பின்னால் கிழவர்கள் எட்டிப் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். படத்தின் முன் நிற்கும் நாமும் அவளுக்குத் தெரியாமல்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் செய்யும் குற்றத்தில் நம்மை மூன்றாவது ஆளாகச் சேர்த்துவிட்டார் ஓவியர்.

அடுத்த படத்துக்கு வாருங்கள். 1610. ரோம் நகரம். ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண், ஓவியரான தன் தந்தையிடமே தொழில் கற்றவள், பதினேழு வயது. அவள் வரைந்த சூசன்னாவுக்குத் தோட்டம் இல்லை, பூ இல்லை, கண்ணாடி இல்லை. வெறுங்கல் இருக்கை. அதன் பின்சுவர் மேல் கிழவர்கள் இருவரும் கவிழ்ந்து, ஏறக்குறைய அவள் தோள் மேலேயே விழுகிறார்கள். ஒருவன் வாயில் விரல் வைத்து "சத்தம் போடாதே" என்கிறான். அவள் உடம்பை முறுக்கி, முகத்தைத் திருப்பி, இரண்டு கையாலும் தடுக்கிறாள். இதுவும் ஆடையற்ற உடல்தான். ஆனால் இந்தப் படத்தின் முன் நின்று யாரும் ரசனையோடு பெருமூச்சு விட முடியாது. முதலில் அவளுடைய அருவருப்புதான் நம் கண்ணில் படும்.

அடுத்த ஆண்டு, 1611இல், தந்தையோடு வேலை செய்த ஓர் ஓவியனால் ஆர்ட்டெமிசியா வன்புணர்வு செய்யப்பட்டாள். 1612இல் வழக்கு நடந்தது. அவள் சொல்வது உண்மையா என்று சோதிக்க, அவளுடைய விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினார்கள். நினைத்துப் பாருங்கள், தூரிகை பிடிக்கும் விரல்கள்! தான் பட்ட துன்பத்தைத்தான் அவள் சூசன்னாவாக வரைந்தாள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். அது 1610. குற்றம் நடப்பதற்கு முன்பே வரைந்துவிட்டாள். அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது? இங்கே இருக்கும் மாணவியரைக் கேட்டால் சொல்வார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த செய்திதான் அது. தெரிந்தவள் கைக்கு அந்த முறை தூரிகை வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் படம் முழுக்க மாறிவிட்டது.

1989இல் நியூயார்க்கில் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழு ஒரு சுவரொட்டி அடித்தது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீன ஓவியப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அங்குள்ள நிர்வாணப் படங்களில் 85 சதவீதம் பெண்களுடையவை என்று அதில் எண்ணிச் சொன்னார்கள். சட்டகத்துக்குள் பெண்ணுக்கு இடம் தாராளம், தூரிகை பிடிக்கும் பக்கத்தில் இடமில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். அம்ரிதா ஷேர்கில். 1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர். தாய் ஹங்கேரியர், தந்தை சீக்கியர். பாரிஸில் ஓவியம் படித்தார். 1934இல் தன்னையே ஒரு தாஹித்தி தீவுப் பெண்ணாக வரைந்துகொண்டார். தாஹித்திப் பெண்களை வரைந்து பெயர் பெற்றவர் கோகேன். அவர் படங்களில் அந்தப் பெண்கள் பெரும்பாலும் பழம்போல, பூப்போலக் கனிந்து கிடப்பார்கள். அம்ரிதா அதே கோலத்தில் நிற்கிறார், ஆனால் கனியவில்லை. கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, நம்மைப் பார்க்காமல் எங்கோ பார்க்கிறார். பின்னால் சுவரில் ஓர் ஆணின் நிழல். யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே வரைந்துவிட்டார் அந்த இருபத்தோரு வயதுப் பெண்.

இந்தியா திரும்பி 1935இல் அவர் வரைந்த "மூன்று பெண்கள்" படத்தில் மூவரும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள், ஒருத்தியும் நம்மை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தங்களுக்காக வேறு யாரோ முடிவெடுத்துவிட்டார்கள் என்பது தெரிந்த முகங்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி உட்கார வைக்கப்பட்ட எந்தப் பெண்ணும் இந்தப் படத்தை விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்வாள்.

அம்ரிதா தெற்கேயும் வந்தார், குமரி முனை வரைக்கும். அந்தப் பயணத்தின் பயனாக 1937இல் "தென்னிந்தியக் கிராமத்தார் சந்தைக்குப் போகிறார்கள்" வரைந்தார். அவர் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு, ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கரிய, மெலிந்த மனிதர்கள் எல்லாருமே ஒரே சோகத்தில் ஆழ்ந்திருக்கிறார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் பேரம் பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். வசதியான வீட்டில் வளர்ந்த ஒருவர் கொஞ்சம் மேலே நின்று பார்த்ததுபோல் இருக்கிறது. பார்ப்பவர் பெண் என்பதால் மட்டும் பார்வை சரியாகிவிடாது. வர்க்கம் இருக்கிறது, சாதி இருக்கிறது.

நம் திரையுலகமும் இதைத்தான் காட்டுகிறது. 1936இலேயே டி.பி.ராஜலட்சுமி "மிஸ் கமலா" படத்தைத் தானே எழுதி, நடித்து, இயக்கினார். பெருமைப்பட வேண்டிய தொடக்கம். 1985இல் பி.ஆர்.விஜயலட்சுமி ஒளிப்பதிவாளராக வந்தார். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வார்கள். ஆண்களே நிரம்பிய படப்பிடிப்புத் தளத்தில் ஒரு பெண் அந்த இடத்தைப் பிடிப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஆனால் அவருக்குக் கிடைத்த படம் "சின்ன வீடு". மனைவியின் உடல்வாகு தன் கனவுக்கு ஒத்துவரவில்லை என்று வருந்தும் ஒருவனின் கதை. கேமரா பெண்ணின் கையில், கதை ஆணின் கண்ணில். கதாநாயகி அறிமுகமாகும்போது கேமரா காலில் தொடங்கி மெல்ல மேலே ஏறி, கடைசியாக முகத்துக்கு வருகிறதே, அந்தப் பாதையைத் தீர்மானிப்பது யார் என்பதே கேள்வி. லாரா மல்வி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1975இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பாதைக்கு "ஆண் பார்வை" என்று பெயரிட்டார். ஐம்பது ஆண்டு ஆகியும் அந்தக் கேமரா இன்னும் காலிலிருந்துதான் ஏறுகிறது.

அதனால் நான் நம்பிக்கையோடு பார்ப்பது திரையுலகத்தை அல்ல. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற ஊரைப் பார்க்கிறேன். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பின் சங்கங்களில் இருக்கும் தலித் பெண்கள், புன்செய் நிலத்தில் சிறுதானியம் பயிரிடுகிறவர்கள், வீடியோ கேமரா கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேமராக் கோணங்களுக்குப் பாடப்புத்தகப் பெயர்கள் வேண்டாம் என்று தாங்களே பெயர் வைத்தார்கள். அதிகாரம் தெரியும் ஒரு கோணத்துக்கு, ஊர் நிலக்கிழாரை நினைத்து, "படேல் ஷாட்". எதிரில் இருப்பவரின் கண்ணுக்கு நேராகக் கேமராவை வைத்தால் அது "சங்கம் ஷாட்". சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே தரையில் சமமாக உட்காருகிறார்கள் அல்லவா, அதனால் அந்தப் பெயர். திரைப்படக் கல்லூரிகளில் பல ஆண்டு சொல்லித் தரும் அரசியலை இந்தத் தாய்மார்கள் தங்கள் முதுகெலும்பிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கேமராவை அவர்கள் எதன் மேல் திருப்பினார்கள் தெரியுமா? விதையின் மேல், மண்ணின் மேல். வாரங்கல் விவசாயிகளுக்கு மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி மீது ஏன் கோபம் என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்கள். பெண் பார்வை என்றால் பெண்ணைப் பற்றிய படம் என்று சுருக்கி, மார்ச் 8ஆம் தேதிக்கு ஒரு கண்காட்சி வைத்து மூடிவிடுகிறோம். இந்த அரங்கத்தின் பொறுப்பாளர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: அடுத்த மாதம் இதே மேடையில் நம் ஊர் ஏரியைப் பற்றிப் பேசப் போகிறீர்கள். அந்த ஏரியைப் படமெடுக்க, அங்கே துணி துவைக்கிற, மீன் விற்கிற, கரையோரம் குடியிருக்கிற பெண்களிடம் இப்போதே கேமராவைக் கொடுங்கள். இங்கே இருக்கும் மாணவியர் அதை இயக்கச் சொல்லித் தரட்டும். எங்கே நின்று எடுப்பது என்பதை அந்தப் பெண்களே முடிவு செய்யட்டும்.