குடியிலிருந்து மீள விரும்புவோருக்குத் துணை நிற்போம்

 

மது ஹராம் என்பதை அதில் சிக்கியவரும் அறிவார். அந்த வெட்கமே அவரைப் பள்ளிவாசலை விட்டும் மருத்துவரை விட்டும் தூரமாக்குகிறது. குடித்துத் தண்டனை பெற்றவரை ஒருவர் ஏசியபோது, சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.

1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில், குடிநோயாளிகளான இருவர் ஒருவருக்கொருவர் துணை நின்று மீண்டனர். அவர்கள் தொடங்கியதே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனும் ஏ.ஏ. அமைப்பு. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. கட்டணமில்லை, எம்மதத்தையும் சார்ந்ததன்று. வந்தவர் யாரென்பது வெளியே போகக்கூடாது என்பது அதன் மரபு. மீண்டவர் தம் அனுபவத்தைக் கூற, மீள விரும்புபவர் செவிமடுக்கிறார். குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' தனியே உண்டு.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுங்கள். கூட்டம் நடைபெறும் இடத்தை அங்கே விசாரிக்கலாம். 14446 என்ற இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து தனியே பஸ் ஏற அவர் தயங்குவார். உங்களில் ஒருவர் உடன் செல்லுங்கள். திறந்த கூட்டங்களில் நீங்களும் அமரலாம். திரும்பி வந்தபின் அதை எவரிடமும் பேசாதீர்கள். ஒரு கூட்டத்தோடு நின்றுவிடாமல், தொடர்ந்து செல்ல உதவுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.